கிழக்கே நான்கு மணி, மேற்கே நான்கு மணி

கேள்வி: மதுரையிலிருந்து துபாய் பக்கமா, சிங்கப்பூர் பக்கமா? டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்த்தால் துபாய்தான் மிக அருகில் இருப்பதுபோலத் தெரிகிறதே?
- வாசகர், ஆலங்குளம், விருதுநகர் மாவட்டம்

பதில்: இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். நேர்வழியில் துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 3,000. பயணமும் ஏறக்குறைய நான்கு மணி நேரம்.

குழப்புவது கடிகாரம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். நண்பகல் 12 மணிக்குக் கிளம்பி நான்கு மணி நேரம் பறந்தால், துபாயில் பிற்பகல் 2.30, சிங்கப்பூரில் மாலை 6.30. பெற்றோரை முதன்முறை அனுப்பும் பிள்ளைகள் இதைச் சொல்லி அனுப்புவது நல்லது.

காற்றும் கணக்கில் உண்டு. வட இந்தியாவுக்கு மேலே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து பலமான காற்று வீசும். சென்னையிலிருந்து சுமார் 8,200 கிலோமீட்டரில் உள்ள லண்டனுக்குப் போவதைவிடத் திரும்பி வருவது சீக்கிரம் முடிய அது ஒரு காரணம். தென்மேற்குப் பருவத்திலோ நம் தலைக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து ஒரு வேகக்காற்று ஓடும். அதை 1958-இல் விவரித்து உலகுக்குக் காட்டியவர் இந்திய வானிலை அறிஞர் கோட்டேஸ்வரம். நாம் பெருமைப்பட வேண்டிய பெயர்.

பட்டாசுக்குப் பெயர்போன மாவட்டத்தில் இருக்கும் ஆலங்குளத்தாருக்கு இன்னொன்று: பெட்டியில் ஒரு கம்பி மத்தாப்புகூட வைக்காதீர்கள். பட்டாசு எதுவும் விமானத்தில் கொண்டுசெல்லக் கூடாது.