ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்

மைசூர் கே.ஆர். சர்க்கிள் நெரிசலில் வண்டி நிற்கும். ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை. ஆனாலும் இஞ்சின் சத்தம் மெல்ல ஏறும். 800-ல் நிற்க வேண்டிய முள் 1000 ஆகும், 1200 ஆகும், சில நாள் 1500-ஐயும் தொடும். இருபது வருடம் தாண்டிய டீசல் கார் அது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, எல்லாமே லீவரும் ஸ்பிரிங்கும்தான். அதனால் எளிதில் பிடிபட்டுவிடும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஆனது.

முதலில் போன இடத்தில் ஐந்தே நிமிடத்தில் ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகிக் குறைத்தார்கள். நெரிசலில் ரேஸ் குறையவே இல்லை. அந்த வாரம் சாமுண்டி மலைக்கு ஏறினேன். மேலே பார்க்கிங்கில் கியரை நியூட்ரல் செய்ததும் இஞ்சின் குலுங்கி அணைந்தது. கீழே ஐடிலிங் அதிகம், மேலே இஞ்சினே அணைகிறது. இந்த முரண்பாட்டில்தான் விடை இருந்தது. எனக்கு அப்போது அது தெரியவில்லை.

தெரியாததற்குக் காரணம், என் மூளை பெட்ரோல் வண்டிக்குப் பழகியிருந்தது. பெட்ரோல் இஞ்சினில் திராட்டிலுக்குப் பிறகு எங்காவது ஹோஸ் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் ஐடிலிங் ஏறும். அதே நினைப்பில் ஏர் ஃபில்டர் குழாயையெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டினேன். அத்தனையும் வீண். பழைய டீசலில் காற்றுக்குத் தடுப்பே இல்லை. எப்போதும் முழுக் காற்றைத்தான் இழுக்கிறது. வேகத்தைத் தீர்மானிப்பது பம்ப் அனுப்பும் டீசலின் அளவு. ஆகவே ஐடிலிங் ஏறினால் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: பம்ப் லீவர் முழுதாகத் திரும்பி ஸ்டாப்பில் உட்காருகிறதா?

இதைப் பார்க்க ஒரு துண்டு காகிதம் போதும். வண்டி ரேஸ் ஆகும் நேரத்தில் ஐடிலிங் ஸ்க்ரூவின் நுனிக்கும் லீவருக்கும் நடுவே காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். ஃபேன் பெல்ட் பக்கம் கையும் சட்டையும் போகக்கூடாது. காகிதம் சிக்கினால் லீவர் ஸ்டாப்பில் இருக்கிறது. தாராளமாகப் போய்வந்தால் வேறு ஏதோ ஒன்று லீவரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அப்போது ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் பயனில்லை, ஏனென்றால் லீவர் அதன்மேல் உட்காரவே இல்லை.

எனக்குக் காகிதம் தாராளமாகப் போனது. ஆக்ஸிலேட்டர் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன்; லீவர் இறங்கவில்லை. ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் நன்றாக இருந்தது. ஏ.சி. போட்டால் ஐடிலிங்கை ஏற்றும் வேக்குவம் டயஃப்ரம் ஒன்று உண்டு, அதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை.

பன்னிமண்டபம் பக்கம் டீசல் பம்ப் வேலையிலேயே முடி நரைத்த ஒரு பெரியவரிடம் போனேன். நான் ஸ்பானரை எடுக்கும்போதே, "ஸ்க்ரூ முட்டபேடி சார்" என்றார். கன்னடத்தில், தொடாதீர்கள் என்று. பம்பின் ஓரத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சின்ன உருளை. அதற்கு இரண்டு மெல்லிய கூலன்ட் ஹோஸ். உருளையில் விரலை வைத்தார். "பிசி இல்ல." சூடு இல்லை என்று. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, இது வெதுவெதுப்புகூட இல்லை.

அந்த உருளைக்குள் மெழுகு இருக்கிறது. மெழுகு குளிர்ந்து சுருங்கியிருக்கும்போது, மார்கழிக் காலையில் இஞ்சின் அணைந்துவிடாதபடி அந்த அமைப்பு லீவரைச் சற்றுத் தூக்கி வைக்கும். கூலன்ட் சூடாகி மெழுகு விரிந்ததும் லீவரை விட்டுவிடும். என் வண்டியில் ஹோஸ் அடைத்துக்கொண்டதால், இஞ்சின் கொதித்தாலும் மெழுகுக்கு அது இன்னும் விடியற்காலைதான். மலையேறும்போது வாட்டர் பம்ப் வேகமாகச் சுற்றி, அடைப்பையும் மீறிக் கொஞ்சம் சுடுநீரைத் தள்ளியிருக்கிறது. மெழுகு விரிய, லீவர் ஸ்க்ரூவில் உட்கார்ந்தது. ஸ்க்ரூவோ ஏற்கெனவே குறைக்கப்பட்டிருந்தது. அதனால்தான் மேலே அணைந்தது. இறக்கத்தில் அணைந்திருந்தால் பவர் ஸ்டியரிங் போயிருக்கும், பிரேக்கும் கல்லாகியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இஞ்சின் முழுதாக ஆறிய பிறகு ஹோஸைக் கழற்றினோம். காபி டிகாஷன் நிறத்தில் துருச்சேறு. வருடக்கணக்கில் நான் ரேடியேட்டரில் ஊற்றிய போர்வெல் தண்ணீர்தான் அது. எதிர்த்திசையில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதியாக ஊற்றி, ஏர் எடுத்தோம். ஸ்க்ரூவில் பழைய பெயின்ட் அடையாளம் மிச்சமிருந்தது என் அதிர்ஷ்டம். அந்த இடத்துக்கே திருப்பினார். யாரிடம் வண்டியைக் கொடுத்தாலும் முன்னதாக ஸ்க்ரூவில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

உங்கள் வண்டியில் காகிதம் சிக்கினால் கதை வேறு. ஐடிலிங் ஏறி இறங்கி அலைந்தால் டீசலில் காற்று கலக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கொஞ்ச நேரத்துக்கு டீசல் தாங்கும் டிரான்ஸ்பரன்ட் ஹோஸ் போட்டால் குமிழ் கண்ணுக்குத் தெரியும். ரேஸ் நிற்காமல் ஏறிக்கொண்டே போய், நீலமோ வெள்ளையோ புகை கக்கினால் இஞ்சின் தன் ஆயிலையே எரிக்கிறது என்று அர்த்தம். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டியானால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளச்சை விட்டு அணையுங்கள்.

மறுநாள் காலை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். 1200. ஸ்க்ரூ நுனிக்கும் லீவருக்கும் நடுவே காகிதம் தாராளமாகப் போனது. சில நிமிடங்களில் அந்த இடைவெளி இழையாகச் சுருங்கியது. சத்தம் படிப்படியாக இறங்கி, முள் 800-ல் நின்றபோது காகிதம் என் விரலோடு வரவில்லை. லீவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.