கோடையும் கொண்டலும்: மரக்காணக் கரையின் வேனில் - ஒரு நோக்கு

முன்னுரை

சித்திரை பிறந்து மூன்று வாரங்கள் கழிந்தால் கத்திரி வெயில் தொடங்கிவிடும். ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை நீளும் இந்நாள்களில் நாளிதழைப் பிரித்தாலும் வானொலியைத் திருப்பினாலும் ஒரே வகையான வாக்கியம் நம்மை எதிர்கொள்ளும். 'ஓரிரு இடங்களில் வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கக்கூடும். ஈரப்பதமும் மிகுவதால் அசௌகரியம் ஏற்படலாம்' என்பது அதன் அமைப்பு. நாமும் அதனைப் படிக்கிறோம், குடையை எடுத்துக்கொள்கிறோம், மறந்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேனிற்காலக் காலையில் நாம் முதற்பாட வேளையில் நெய்தல் திணையை விளக்கிக்கொண்டிருந்தோம். மரக்காணத்திலிருந்து பேருந்தில் வந்து பயிலும் மாணவர் ஒருவர் மேசைமேல் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தார். அனைவர் முன்னிலையிலும் அவரை எழுப்பிக் கடிந்துகொண்டோம். வகுப்பு முடிந்தபின் அவர் தயங்கியவாறு நம்மிடம் வந்தார்.

"ஐயா, ராத்திரி ரெண்டு மணிக்கு அளத்துக்குப் போயிட்டு அப்படியே பஸ் ஏறி வந்தேன். நாலு நாளா மேல்காத்துதான். மூணு மணிக்கு முன்னாடி கடல்காத்து வர்றதே இல்ல. வெயில் ஏறிட்டா அம்மாவால நிக்க முடியல. அதான் விடியறதுக்குள்ள முடிச்சிடலாம்னு நானும் கூடப் போனேன்."

அன்றைய நாளிதழை நாமும் படித்திருந்தோம். வெப்பநிலை எத்தனை டிகிரி என்பது அதில் இருந்தது. கடற்காற்று எப்போது வரும் என்பது இல்லை. நெய்தலைப் பாடமாக நடத்தியவர் நாம். நெய்தலை அறிந்தவர் அவர். அன்று நாணிய நாணமே இக்கட்டுரைக்கு வித்து. வானிலை அறிக்கையை உப்பளத்தில் நிற்பவரின் கண்கொண்டு படிப்பது எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம்.

அறிக்கையின் சொற்கள்

வானிலை அறிக்கையின் மொழி எளியது போலத் தோன்றினும், அதன் ஒவ்வொரு சொல்லும் வரையறை உடையது. 'ஓரிரு இடங்கள்' என்றால் ஒரு பகுதியிலுள்ள நிலையங்களுள் நூற்றுக்கு 25க்கு மேற்படாதவை. 'ஒரு சில இடங்கள்' என்றால் 26 முதல் 50 வரை. 'பல இடங்கள்' என்றால் 51 முதல் 75 வரை. அதற்கு மேற்பட்டால் 'பெரும்பாலான இடங்கள்'. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நிறங்கள் முறையே விழிப்பாக இருத்தல், ஆயத்தமாக இருத்தல், செயலில் இறங்குதல் ஆகியவற்றைக் குறிப்பன.

'வெப்ப அலை' என்பதும் வெயில் மிகுந்த எந்த நாளுக்கும் வழங்கும் பெயரன்று. 1875ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, கடலோர நிலையமொன்றில் வெப்பநிலை 37 டிகிரியை எட்டவேண்டும். அத்துடன் அந்நாளுக்குரிய இயல்பான அளவைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்திருக்கவேண்டும். ஒரு வானிலைப் பகுதியில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள்கள் அவ்வாறு நிகழ்ந்தாலே வெப்ப அலை என அறிவிப்பர்.

மே மாதத்தில் இக்கரையின் இயல்பான வெப்பமே மிகுதி. எனவே 39 டிகிரி அடிக்கும் ஒரு நாள், இயல்பைவிடச் சிறிதே கூடியது என்னும் காரணத்தால், வெப்ப அலை என்னும் பெயரைப் பெறாமலே கழியக்கூடும். பெயர் இல்லை என்பதால் துன்பமும் இல்லை என்று கொள்ளலாகாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. அறிக்கையில் வரும் வெப்பநிலை நிழலின் வெப்பநிலையாகும். காற்றுப் புகும் வெண்ணிற மரக்கூண்டினுள், வெயில் நேரே படாதவாறு வைத்த வெப்பமானி காட்டும் அளவு அது. உப்பளத்தில் நிழல் ஏது? மேலிருந்து கதிரவன் சுடுகிறான். கீழிருந்து உப்பின் வெண்மையும் பாத்தி நீரின் பளபளப்பும் அவ்வொளியைத் திருப்பி முகத்தில் அறைகின்றன. கூண்டுக்குள் 38 டிகிரி எனில், பாத்தி வரப்பில் நிற்பவர் உடல் உணரும் வெம்மை அதனினும் மிகுதியாகும்.

மரக்காணமும் அளமும்

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்தது மரக்காணம். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இவ்வூரே என ஆய்வாளர் பலர் கருதுவர். அந்நூலைப் பாடிய நத்தத்தனார் அருகிலுள்ள இடைக்கழிநாட்டு நல்லூரினர். பாட்டுடைத் தலைவனாகிய நல்லியக்கோடன் ஓய்மாநாட்டை ஆண்டவன். உப்பு வண்டிகளோடு செல்லும் உமணரின் காட்சி அந்நூலில் இடம்பெறுவது நினைவுகூரத்தக்கது. ஊரின் அருகே விரிந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பாகிய கழுவெளி, 2021இல் பறவைகள் புகலிடமாகவும் 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பெற்றது.

தமிழில் உப்பு 'விளைகிறது' என்கிறோம். நெல்லுக்கும் உப்புக்கும் ஒரே வினைச்சொல். விளையும் முறையைக் காண்போம். உவர்நீரைப் பரந்த தேக்கங்களில் நிறுத்தி, பாத்திக்குப் பாத்தி மாற்றி, சிறிது சிறிதாக அடர்த்தி ஏற்றுவர். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ மூன்றரை. 25ஐ நெருங்கும்போதுதான் உப்பு படிகமாக இறங்கத் தொடங்கும். அதற்குள் நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதாவது பத்துக் குடம் நீரில் ஒன்பது குடத்தை வெயிலும் காற்றும் குடித்தாகவேண்டும். அதன்பின் நீண்ட கைப்பிடியுடைய பலகையால் உப்பை இழுத்து, வரப்பில் சேர்த்து, தலைச்சுமையாக எடுத்துச் சென்று அம்பாரமாகக் குவிப்பர்.

ஆகவே உப்பளத்துக்கு வெயில் பகையன்று, முதலீடு. மழையே பகை. உப்பு வண்டி பெருமழையில் அகப்பட்டு அழிவதைக் குறுந்தொகையில் பரணர் உவமையாக்குவார். அவ்வுவமை இன்றும் பழமையாகிவிடவில்லை. 2020 நவம்பரில் நிவர் புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இக்கரையைத்தான் தாக்கின. பருவமழை தொடங்குமுன் விளைந்ததே ஆண்டு முழுவதற்குமான வருவாய் என்பதால், கத்திரி வெயிலில் அளத்தை விட்டு விலகுவது எளிதன்று. உடலை வருத்தும் வெயிலே உணவையும் தருகிறது. இந்த முரணே உப்பளத்து வாழ்வின் உயிர்நாடி.

காற்றின் பெயர்கள்

தமிழர் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்டனர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவற்றுள் கோடை என்னும் சொல் காற்றையும் குறிக்கும், வெயிற்காலத்தையும் குறிக்கும். வகுப்பில் இதனை ஒரு சொல் பல பொருளுக்கு எடுத்துக்காட்டாகக் கூறிக் கடந்துவிடுவது நம் வழக்கம். ஆனால் இக்கரையில் நின்று நோக்கினால், இரு பொருளும் ஒன்றையொன்று விளக்குவது புலனாகும்.

பகலில் நிலம் கடலைவிட விரைந்து சூடேறும். சூடேறிய காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று நிலம் நோக்கி வரும். இதுவே கடற்காற்று, நம் முன்னோரின் கொண்டல். அது நண்பகலுக்கு முன்பே வந்துவிட்டால் வெப்பம் ஏறுவது அத்துடன் தடைப்படும். மே மாத இறுதியிலும் ஜூனிலும் தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெறும்போது நிலைமை மாறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இழந்து, சுடுநிலத்தின்மேல் தவழ்ந்து வரும் வறண்ட மேல்காற்று, கடற்காற்றைக் கரைக்கு அப்பாலேயே தடுத்து நிறுத்தும். இரு காற்றுக்கும் நடக்கும் இப்போரில் கொண்டல் எத்தனை மணி தாமதிக்கிறதோ, அத்தனைக்கு வெப்பம் ஏறும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே இறுதியில் 45 டிகிரி பதிவானது இத்தகைய மேல்காற்றுக் காலத்தில்தான்.

கோடைக்காற்றே கோடையை ஆக்குகிறது என்பதைக் கருவியின்றி அறிந்து, இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்த சமூகம் நம்முடையது. கீழைக்கரைக்குக் கலம் செலுத்திவந்த அரபு வணிகரும் காற்றைக் காலத்தோடு இணைத்தே அறிந்தனர். பருவம் எனப் பொருள்படும் 'மவ்சிம்' என்னும் அவர்தம் சொல்லே, போர்ச்சுகீசியர் வாய்வழிச் சென்று, இன்று உலகம் வழங்கும் 'மான்சூன்' ஆயிற்று.

நம் மாணவர் சொன்ன "மூணு மணிக்கு முன்னாடி கடல்காத்து வர்றதே இல்ல" என்னும் ஒற்றை வாக்கியம் இவ்வளவு அறிவையும் உள்ளடக்கியது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

உப்புக்கு உகந்தது, உடலுக்கு ஒவ்வாதது

வறண்ட மேல்காற்று வீசினால் பாத்தி நீர் விரைந்து வற்றும், விளைச்சல் பெருகும். ஆனால் அதே காற்று உடலின் நீரையும் விரைந்து குடித்துவிடும். வியர்வை தோன்றிய கணமே உலர்ந்துபோவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே தெரியாது. கொண்டல் வந்தபின் வெப்பமானி இறங்கும். எனினும் ஈரப்பதம் ஏறும். அப்போது வியர்வை உலராது. உலராவிடில் உடல் தணியாது. அறிக்கை சொல்லும் 'அசௌகரியம்' இதுவே.

மின்விசிறிக்குக் கீழ் அமர்ந்திருப்பவருக்கு அச்சொல் பொருந்தும். உப்புக் கூடை சுமப்பவருக்கு அது பொருந்துமா? 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் உழைத்தது தெரியவந்தது. 7 விழுக்காட்டினரின் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. அளங்களில் கழிப்பிடம் இன்மையால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர் என்பது இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கது. தாகத்தை அடக்குவது அங்கு பழக்கமன்று; கட்டாயம். இதனை அசௌகரியம் என்னும் சொல்லால் மூடிவிடுவது மொழிக்கும் அறமாகாது.

வேளையை மாற்றுதல்

வெயிலை நாம் மாற்ற இயலாது, வேளையை மாற்றலாம். 2010 மே மாதத்தில் கடும் வெப்பத்துக்கு உள்ளான அகமதாபாத் மாநகரம், 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. முன்னறிவிப்பைக் கேட்டவுடன் யார் என்ன செய்யவேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்ததே அதன் சிறப்பு. தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உதவி என வகை செய்தது. இறந்தபின் வரும் உதவியினும், இறவாமல் காக்கும் ஏற்பாடு மேலானது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

வேளையை மாற்றும் இக்கருத்து நமக்குப் புதிதன்று. வெப்பம் கடுமையாகும் நாள்களில் லுஹர் தொழுகையைச் சற்றுக் குளிர்ந்த பொழுதுக்குத் தாழ்த்துமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். இறைவணக்கத்துக்கே அத்தகைய சலுகை உண்டெனில், கூலிவேலைக்கும் கல்லூரி வகுப்புக்கும் அது கூடாது என்பது எங்ஙனம்?

இக்கரையின் வேனிலை நோக்குவோர் மூன்று வினாக்களை நாள்தோறும் கேட்கவேண்டும். நாளைய வெப்பம் எவ்வளவு என்பது முதலாவது. அறிக்கை இதற்கு விடை தருகிறது. மேல்காற்று எவ்வளவு வலிது, கடற்காற்று எப்போது வரும் என்பது இரண்டாவது. காற்றின் ஈரம் எவ்வளவு என்பது மூன்றாவது. மேல்காற்று நிலைத்த நாள்களில் காலை ஒன்பது மணிக்குள் அளத்து வேலை முடியவேண்டும். குடிநீர், நிழற்கூரை, பெண்களுக்குக் கழிப்பிடம் ஆகியவை பாத்தியைப் போலவே அளத்தின் உறுப்புகளாக வேண்டும். கொண்டல் வந்துவிட்டது என்பதற்காகப் பிற்பகல் உழைப்பைக் கூட்டுவதும் தகாது.

முடிவுரை

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு என்று இலக்கணம் கூறும். கதிரவன் சாயும் அவ்வேளையை இரங்கல் உணர்வோடு மட்டும் இணைத்துப் பயிற்றுவித்து வந்தோம். உப்பளத்தில் நின்று நோக்கினால், கொண்டல் வந்து உடல் மூச்சுவிடும் வேளையும் அதுவே எனத் தோன்றுகிறது.

இம்மலரைக் கையில் ஏந்தும் மாணவச் செல்வங்களுள் அளத்திலிருந்தும் படகுத்துறையிலிருந்தும் வருவோர் உளர். உங்கள் வீட்டுப் பெரியோர் காற்றுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். அவற்றை அறிக்கையின் சொற்களோடு ஒப்பிட்டு, ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு கரும்பலகையில் நாள்தோறும் எழுதுங்கள். தமிழ் பயின்றோர் தம் ஊருக்குச் செய்யத்தக்க சிறு தொண்டு அது. சமுதாயப் பெரியோர் அக்கரும்பலகையின் அருகே ஒரு தண்ணீர்ப் பானையும் வைக்க முன்வருவார்களாயின் நன்று.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. முதற்பாட வேளையில் ஒரு மாணவர் உறங்கினால், எழுப்புவதற்கு முன் ஒன்றைக் கேட்டறிவோம்: நேற்று எந்தக் காற்று வீசியது?