தொட்டி மண்ணில் பூஞ்சை: புதிதாகச் செடி வளர்ப்பவர்களுக்குச் சில அறிவுரைகள்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால், வீட்டுக்குள் செடி வைத்திருக்கும் பிள்ளைகள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். மணி பிளான்ட் தொட்டியில் மண்மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, என்ன மருந்து போடுவது? மருந்தைக் கையில் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பல நேரங்களில் பூஞ்சையால் சாகாத செடி, அதற்குப் போட்ட மருந்தால் செத்துப்போகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

1. முதலில் அது பூஞ்சைதானா என்று பாருங்கள். ஈர்க்குச்சியால் மெல்லக் கிளறினால் நூல் நூலாகப் பிரிந்து வருவது பூஞ்சை. நறநறவென்று பொருக்காக உதிர்ந்தால் அது உப்பு. போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மண் தொட்டியின் வெளிப்புறத்திலும் உப்புப் பூத்திருக்கும். நசுக்கும்போது பிசுபிசுவென்று ஒட்டினால் மாவுப்பூச்சி. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

2. பூஞ்சைதான் என்று தெரிந்தாலும் பதற வேண்டாம். மண்மேல் படரும் வெண்பூஞ்சை பெரும்பாலும் செத்த பொருளைத் தின்று வாழ்வது. அரைகுறையாக மக்கிய சாணம், தழை, தேங்காய் நார்க்கழிவு ஆகியவைதான் அதற்கு உணவு. நலமாக இருக்கும் வேரை அது தொடாது. ஆனால் மேல்மண் காயவே இல்லை என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. ஈரத்தைச் சரிசெய்யாமல் பூஞ்சையை மட்டும் அழித்தால் மறுபடியும் வரும்.

3. ஆகவே வைத்தியம் தண்ணீரில்தான் தொடங்குகிறது. துளசிக்கு ஊற்றும் பழக்கத்தில் காலையில் எல்லாத் தொட்டிக்கும் ஒரு சொம்பு ஊற்றிவிடுகிறோம். வெயிலில் நிற்கும் துளசிக்கு அது சரி. வரவேற்பறை மூலையில் இருக்கும் ஸ்நேக் பிளான்ட் இலையிலும், இசட் இசட் செடி கிழங்கிலும் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கின்றன. இரண்டு வாரம் ஊற்றாவிட்டாலும் அவை வாடுவதில்லை. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று ஊற்றாதீர்கள். கோகோபீட் கலவையாக இருந்தால் மேலே வெளுத்துக் காய்ந்து தெரியும், அடியில் சொதசொதவென்று இருக்கும். அதற்குத் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதே நல்லது. ஊற்றிய அன்று தூக்கிப் பாருங்கள், நான்கு நாள் கழித்தும் தூக்கிப் பாருங்கள். பிறகு எடையை வைத்தே கை சொல்லிவிடும். அடித்தட்டில் வடிந்த தண்ணீரை அப்போதே கொட்டிவிடுங்கள். அழகுக்காக வைத்த பீங்கான் வெளித்தொட்டிக்குள்ளும் எட்டிப் பாருங்கள். ஓட்டை இல்லாததால் தண்ணீர் அங்கே தேங்கி நிற்கும், வெளியே தெரியாது.

4. அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள் சக்கை, புளித்த மோர், கடலைப் பிண்ணாக்கு எல்லாம் மாடித்தோட்டத்துக் கத்தரிக்கும் தக்காளிக்கும் நல்லவை. அங்கே வெயிலும் காற்றும் இருக்கின்றன. வீட்டுக்குள் வேண்டாம். ஈர மண்மேல் பிண்ணாக்கைத் தூவிவிட்டுப் பாருங்கள், சில நாளில் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் வெள்ளை ரோமம் எழும்பும். வேப்பம் பிண்ணாக்கும் இதற்கு விலக்கல்ல. உள்ளே வைத்த செடிக்கு நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு கைப்பிடி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

5. பூஞ்சை படர்ந்த மேல்மண்ணை எடுக்கத் தொட்டியைப் பால்கனிக்கோ வாசலுக்கோ கொண்டுபோங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள். வித்துகள் பறக்காதபடி லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, பழைய கரண்டியால் ஒரு அங்குல ஆழம் சுரண்டி, பையில் கட்டி எறியுங்கள். வேர் தெரிந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் மணலோ பெர்லைட்டோ கலந்த காய்ந்த மண்ணை நிரப்பி, சில நாள் தண்ணீர் ஊற்றாமல் விடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்த வேலையை வேறொருவர் செய்யட்டும்.

6. தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். காற்றோட்டம் முக்கியம். அதற்காக உச்சி வெயிலில் வைத்தால் பீஸ் லில்லி இலை கருகிவிடும்.

7. வினிகர், உப்பு, பிளீச்சிங் பவுடர், சமையல் சோடா இவற்றை மண்ணில் போடவே போடாதீர்கள். வினிகர் வேரைச் சுடும். சோடாவில் உள்ள சோடியம் மண்ணிலேயே தங்கிச் செடியை வதைக்கும். பட்டைத்தூளை மேலாக மெல்லிசாகத் தூவலாம், பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

8. திரும்பத் திரும்ப வந்தால் டிரைக்கோடெர்மா விரிடி நல்ல துணை. கெட்ட பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை இது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, மண் ஓரளவு காய்ந்திருக்கும்போது ஊற்றுங்கள். உயிருள்ள பொருள் என்பதால் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்க வேண்டும். ஊற்றிய பிறகு மண்ணில் பச்சையாகப் படர்ந்தால் அது டிரைக்கோடெர்மாவாகவே இருக்கலாம், அவசரப்பட்டுச் சுரண்டாதீர்கள். இதோடு ரசாயனப் பூஞ்சைக்கொல்லியைச் சேர்த்தால் இதுவும் செத்துவிடும்.

9. கார்பன்டசிம், மான்கோசெப் கலந்த பொடியை உரக்கடையில் எளிதாகத் தருவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் மான்கோசெப்புக்கான அனுமதியை 2020இல் புதுப்பிக்க மறுத்தது. குழந்தைகள் தவழும் அறையில், கெடுதல் செய்யாத ஒரு வெண்பூஞ்சைக்காக இந்தப் பொடியைத் தூவுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

10. சில தொட்டிகளில் மஞ்சள் நிறச் சிறு காளான் முளைக்கும். செடிக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் தின்றால் நஞ்சு. குழந்தையோ நாய், பூனையோ இருந்தால் கண்டவுடன் காம்போடு பிடுங்கிவிடுங்கள். கொசுவைவிடச் சிறிய கறுப்பு ஈக்கள் பறந்தால், அவற்றின் புழுக்கள் ஈர மண்ணில் பூஞ்சையையும் இளவேரையும் தின்கின்றன என்று பொருள். மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செருகி, மேல்மண்ணைக் காயவிடுங்கள்.

11. கவலைப்பட வேண்டிய இடம் செடியின் தூர். வெள்ளை இழைகள் தண்டில் ஏறி, நடுவே கடுகு போன்ற பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் அது தூரழுகல் நோய். மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டால் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி, உறுதியாக இருக்கும். அழுகிய வேரை இழுத்தால் தோல் உருவிக்கொண்டு, உள்நூல் மட்டும் கையில் நிற்கும். வேரழுகலில் பாதி வேராவது பிழைத்திருந்தால் அழுகியதைச் சுத்தமான கத்தரியால் வெட்டி, புது மண்ணில் நடலாம். தூரே அழுகிவிட்டால் அந்தச் செடி பிழைக்காது. கடுகு போன்ற அந்த உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மனம் வராவிட்டாலும் செடியையும் மண்ணையும் சேர்த்துக் கட்டி எறியுங்கள், தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். அந்த மண்ணில் ஒரு பிடியைக்கூட வேறு தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.