கைப்பேசிப் படத்தை வட்டில் ஏற்றும் முறை

பள்ளி ஆண்டு விழா, மாரியம்மன் கோயில் திருவிழா, காதணி விழா, மணிவிழா ஆகிய யாவும் இக்காலத்தில் கைப்பேசியிலேயே பதிவாகின்றன. பிள்ளைகள் அவற்றை உடனுக்குடன் கண்டு மகிழ்கின்றனர். ஆயினும் தோட்டத்து வீடுகளில் வாழும் தாத்தா பாட்டிமார் பலரிடம் அத்தகைய கைப்பேசி இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியும் அதன் கீழே ஒரு பழைய டிவிடி கருவியுமே அவர்களுக்கு உண்டு. பேரப்பிள்ளை மேடையேறி ஆடியதை அவர்கள் காண வேண்டுமெனில் அப்படம் வட்டில் ஏறியாக வேண்டும்.

பெற்றோர் சிலர் நம்மிடம் வட்டுகளைக் கொணர்ந்து, “ஐயா, கணினியில் ஓடுகிறது, வீட்டுக் கருவியில் ஓட மாட்டேன் என்கிறது” என முறையிடுவதுண்டு. பெரும்பாலும் வட்டிலும் பழுதிராது, கருவியிலும் பழுதிராது. படக்கோப்பை உருமாற்றாமல் அப்படியே வட்டில் நகலெடுத்திருப்பதே காரணமாகும்.

மரம் சீவிய நம் மூத்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. வாளியில் உள்ள பாலைப் புகைக்கூடத்தில் தொங்கவிட இயலுமா? திராவகம் இட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தித் தாளாக்கிய பின்னரே தொங்கவிட முடியும். பொருள் ஒன்றே; உருவம் வேறு. கைப்பேசியின் படக்கோப்பும் அவ்வாறே உருமாறிய பின்னரே டிவிடி கருவிக்கு உரியதாகும்.

டிவிடி 1996-ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்கென வகுக்கப்பட்ட படச்சுருக்க முறை எம்பெக்-2 ஆகும். கைப்பேசிகள் பெரிதும் கையாளும் எச்.264 முறையோ 2003-இல்தான் வெளியாயிற்று. தனக்குப் பின் பிறந்த மொழியைப் பழைய கருவி எங்ஙனம் அறியும்? ஒலியின் நிலையும் அதுவே. கைப்பேசியின் ஒலியை டால்பி முறைக்கு, நொடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் அளவில் மாற்றுதல் வேண்டும். அன்றியும், இவையனைத்தும் வட்டினுள் ‘வீடியோ டிஎஸ்’ என்னும் கோப்புறையில் விதித்த ஒழுங்கில் அமைந்திருத்தல் வேண்டும். கருவி அக்கோப்புறையைத் தேடியே படத்தைத் தொடங்குகிறது.

நம் நாட்டில் 1978-இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தபொழுது ‘பால்’ என்னும் முறையே கைக்கொள்ளப்பட்டது. (இதற்கும் மரத்துப் பாலுக்கும் உறவில்லை.) பழைய ஒளிபரப்பு 2019-இல் நிறுத்தப்பட்டுவிட்ட போதிலும், வட்டு செய்வோர் இன்றும் இம்முறையைத் தெரிவு செய்தலே நன்று. இதன்படி நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் அகலத்தில் 720, உயரத்தில் 576 புள்ளிகள்.

மாணவர்களே, கணக்கு ஏட்டை எடுங்கள். 720-ஐ 576-ஆல் பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். கைப்பேசியின் படம் 1920-க்கு 1080 எனில் 20,73,600 புள்ளிகள். பின்னதை முன்னதால் வகுத்துப் பாருங்கள். மீதியின்றிச் சரியாக ஐந்து வரும். அஃதாவது வட்டில் ஏறும்போது ஐந்தில் நான்கு பங்கு புள்ளிகள் கழிந்துபோகின்றன. கழிந்தவற்றை எந்தக் கணினியாலும் மீட்க இயலாது. ஆதலின் வட்டு செய்தாயிற்று என்று மூலக்கோப்பை அழித்தல் பெருந்தவறாகும். வட்டு பார்ப்பதற்கு, மூலக்கோப்பு காப்பதற்கு.

அடுத்த கணக்கு, ஒரு வட்டில் எவ்வளவு நேரப் படம் கொள்ளும் என்பது. வட்டின் கொள்ளளவு 470 கோடி பைட்டுகள். ஒரு பைட்டுக்கு எட்டுப் பிட்டுகள். ஆகவே 3,760 கோடி பிட்டுகள். இரண்டு மணி நேரம் என்பது 7,200 நொடிகள். வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 52 இலட்சம் பிட்டுகள். ஒலிக்கும் பட்டியலுக்கும் சிறிது ஒதுக்கினால் படத்திற்கு 48 இலட்சம் நிற்கும். இது கண்ணுக்கு நிறைவான அளவு. மூன்று மணி நேரத்தைத் திணித்தாலோ மொத்தமே 35 இலட்சத்திற்குள் அடங்கிவிடும். நடனத்தின்போது பிள்ளைகளின் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறித் தோன்றும். வட்டின் விலை சொற்பம். இரண்டு வட்டாகச் செய்துகொள்வதே அறிவுடைமை. படம் ஒரு மணி நேரமே எனினும் அளவை வரம்பின்றி உயர்த்தலாகாது. படத்திற்கு விதித்த உச்சம் 98 இலட்சம். 80 இலட்சத்தோடு நிறுத்தினால் பழைய கருவிகள் திணறா.

இவ்வேலைகளைச் செய்து தருவதற்கு ‘டிவிடி ஸ்டைலர்’ என்னும் இலவச மென்பொருள் உண்டு. புதிய வேலை ஒன்றைத் தொடங்கி, பால் முறையையும் 16-க்கு 9 என்னும் விகிதத்தையும் தெரிந்து, படக்கோப்புகளை உள்ளே இட்டால் அதுவே உருமாற்றிக் கோப்புறை அமைத்து வட்டிலும் எழுதும். பழைய கணினியில் இதற்குச் சில மணி நேரம் ஆகலாம், பொறுத்திருக்க வேண்டும். இக்கால மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு அறையே இல்லை. யுஎஸ்பி வழியே பொருத்தும் எழுதுகருவியைத் தனியே வாங்குதல் வேண்டும். பழைய கருவிகளுக்கு ‘டிவிடி ஆர்’ வகையுள் கழித்தல் குறியிட்ட வட்டே பெரிதும் ஒத்துவரும். 16 மடங்கு வேகம் என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் 4 அல்லது 8 மடங்கில் எழுதுக. எழுதி முடிந்ததும் வட்டை மூடும் பணி முற்றுப்பெறும்வரை வெளியே எடுத்தலாகாது. மூடப்பெறாத வட்டை வீட்டுக் கருவி படிப்பதில்லை.

இன்னொன்றும் கூற வேண்டும். கைப்பேசியை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த படம் தொலைக்காட்சியில் நடுவே ஒரு கீற்றாகவும் இருபுறமும் இருளாகவுமே தெரியும். எந்த மென்பொருளும் இதற்கு மருந்தாகாது. விழாவன்றே கைப்பேசியைக் கிடையாகப் பிடியுங்கள்.

எழுதும் வட்டின் உள்ளே உள்ள சாய அடுக்கை லேசர் ஒளி சுட்டே பதிவு செய்கிறது. அச்சாயம் வெப்பத்திலும் வெயிலிலும் நாளடைவில் கெடும். ஆகவே வட்டைத் தகரக் கூரையின் கீழுள்ள பரணில் போடாது, உறையிலிட்டு அலமாரியில் நிறுத்தி வைத்தல் வேண்டும். மேற்புறத்தில் காகிதம் ஒட்டினால் சுழலும்போது வட்டின் சமநிலை குலையும்; மென்முனைப் பேனாவால் நாளையும் நிகழ்ச்சியையும் எழுதினால் போதும். படத்தில் தோன்றும் பெரியவர்களின் பெயர்களையும், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்பதையும் ஒரு தாளில் எழுதி அவ்வுறைக்குள் வையுங்கள். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. பின்னாளில் அவ்வட்டைப் பார்க்கும் பிள்ளை, மேளம் கொட்டி முன்னே நடப்பவர் தன் கொள்ளுத் தாத்தா என்பதை அத்தாளைக் கொண்டே அறியக்கூடும்.