பரீட்சைக் காலமும் நித்திரையும்



க.பொ.த (சா/த) பரீட்சையில் ஒன்பது பாடங்கள். நேரசூசி கையில் கிடைத்ததும் உங்களில் பலர் முதலில் குறைத்துக்கொள்வது நித்திரையைத்தான். இரவு பன்னிரண்டு மணிவரை படிப்பு. அதிகாலை மூன்று மணிக்கு அம்மா தேநீருடன் எழுப்பிவிடுவார். "பிள்ளை நல்லாய்ப் படிக்குது" என்று அயலவரும் மெச்சுவார்கள். இந்த மெச்சுதலுக்குப் பின்னால் உள்ள கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

13 முதல் 18 வயது வரையானோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்பது 2016இல் அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் வெளியிட்ட பரிந்துரை. மேற்படி மாணவருக்குக் கிடைப்பதோ மூன்று மணித்தியாலம்.

நித்திரையில் மூளை சும்மா கிடப்பதில்லை. பகலில் கற்றவை முதலில் ஹிப்போகாம்பஸ் எனும் மூளைப் பகுதியின் துணையுடன் பதிகின்றன. ஆழ்ந்த நித்திரையின்போது அவை மீண்டும் இயக்கப்பட்டு, நீண்டகால ஞாபகமாக உறுதியடைகின்றன. 1924இல் ஜென்கின்ஸ், டலன்பாக் எனும் இரு உளவியலாளர்கள், பொருளற்ற அசைகளை இரு மாணவர்களைக் கொண்டு மனனம் செய்வித்தனர். மனனம் செய்தபின் விழித்திருந்தபோது ஞாபகத்தில் நின்றவற்றைவிட, உறங்கியெழுந்தபோது நின்றவை அதிகம். வரலாற்றுப் பாடத்தின் ஆண்டுகளும் மன்னர் பெயர்களும் இதற்கு விதிவிலக்கல்ல.

நித்திரையை முற்றாகத் தவிர்த்தால் என்னாகும்? அமெரிக்காவில் ரண்டி கார்ட்னர் எனும் 17 வயது மாணவர் விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றுக்காக 264 மணித்தியாலங்கள் விழித்திருந்தார். 1964 ஜனவரியில் அது நிறைவுற்றது. பதினோராம் நாளன்று, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் செல்லுமாறு கேட்கப்பட்டபோது 65இல் நின்றுவிட்டார். கழிக்கத் தெரியாமலல்ல, தாம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே மறந்துவிட்டது.

நீங்கள் எவரும் பதினொரு நாள் விழிக்கப்போவதில்லை. ஆனால் 40 பல்தேர்வு வினாக்களுக்கு ஒரு மணித்தியாலம் எனில், வினா ஒன்றுக்கு ஒன்றரை நிமிடமே. "பொருந்தாதது எது?" என்பதைப் "பொருந்துவது எது?" என வாசித்துவிட்டு, தெரிந்த விடையைத் தவறவிடுவது நித்திரையற்ற கண்தான்.

ஆகவே நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். காலை 8.30க்குப் பரீட்சை எனில் ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். அப்படியானால் இரவு ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். அதிகாலைப் படிப்பு பிழையன்று. நான்கு மணிக்கு எழும்புபவர் எட்டு மணிக்கே படுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இரு பக்கமும் வெட்டுவதே கூடாது. இந்த ஒழுங்கைப் பரீட்சைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

மாலை ஆறு மணிக்குக் குடித்த தேநீரின் கஃபீனில் ஏறத்தாழப் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடலில் இருக்கும். கைத்தொலைபேசியின் வெளிச்சம் நித்திரையைத் தூண்டும் மெலற்றோனின் சுரப்பைத் தாமதப்படுத்தும். அதைவிடக் கெடுதல், முதல்நாள் இரவு வட்ஸ்அப்பில் சுற்றிவரும் "உறுதியான வினாக்கள்". கருத்தரங்குகளும் மேலதிக வகுப்புகளும் பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பே தடைசெய்யப்படுகின்றன. நீங்கள் மட்டும் ஏன் படுக்கையில் இன்னொரு கருத்தரங்கு நடத்த வேண்டும்?

படுத்தும் நித்திரை வரவில்லையா? மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள். எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் பாடத்துக்குத் தொடர்பில்லாத எதையாவது வாசித்துவிட்டு, கண் சொக்கும்போது மீண்டும் படுங்கள். முந்திய நாட்களில் நன்றாக உறங்கியவரை, பதற்றத்தால் கெட்ட ஓர் இரவு விழுத்திவிடாது.