அடுத்த நிதி வரும்போது உங்கள் ஊர்க் கோப்பு எங்கே இருக்கும்?

சென்னையின் தெற்குப் புறநகரில், அகரம்தென்னிலோ வேங்கைவாசலிலோ முடிச்சூரிலோ ஊர்ப்பொது வேலையில் கைவைத்தவர்களுக்கு இந்தப் பதில் பழக்கமானது: "ஃபண்டு வரட்டும், பாத்துக்கலாம்." சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஃபண்டு வந்த பிறகு நாம் மனு எழுத உட்கார்ந்தால், அது பக்கத்து ஊராட்சிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நிதியாண்டு முடியும் நேரத்தில் ஒன்றிய அலுவலகம் தேடுவது உடனே தொடங்கக்கூடிய வேலையைத்தான். எந்த ஊருக்குத் தேவை அதிகம் என்று அளந்து பார்க்க அப்போது யாருக்கும் நேரமிருக்காது.

திட்டத்தின் பெயரை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 2006இல் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் என்று வந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் போனது, 2021க்குப் பிறகு இரண்டாம் பதிப்பாகத் திரும்பியது. 'நமக்கு நாமே' இடையில் தன்னிறைவுத் திட்டமாகி, மறுபடி பழைய பெயருக்கே வந்துவிட்டது. நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது. நாள் 125 ஆனது, செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில் விழுந்தது. பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியம் 2021-26 காலத்துக்கானது. 2026-31க்குப் பதினாறாவது நிதிக்குழு. இத்தனை மாறினாலும் அலுவலகம் கேட்கும் தாள்கள் ஏறக்குறைய மாறுவதில்லை: கிராமசபைத் தீர்மானம், சர்வே எண், மதிப்பீடு. இந்த மூன்றையும் இப்போதே சேர்த்து வைத்துவிட்டால், எந்தத் திட்டம் வந்தாலும் அதன் படிவத்தை நிரப்புவது ஒரு மாலை வேலை.

தெற்குப் புறநகரில் பாதி வேலைகள் சிக்கிக்கொள்வது சர்வே எண்ணில். "எங்க ஏரியைத் தூர்வாரித் தாங்க" என்று ஊராட்சித் தலைவரிடம் மனு கொடுக்கிறோம். ஏரி அவர் கையில் இல்லாமல் இருக்கலாம். ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். குளம், குட்டை, ஊருணி என்றால் கிராம ஊராட்சி. வயலெல்லாம் மனையாகிப் போனாலும் பதிவேட்டில் அந்த ஆயக்கட்டுதான் பேசும். ஆகவே முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பாருங்கள், புலவரைபடம் எடுங்கள், பிறகு மனு எழுதுங்கள். தவறான கதவைத் தட்டிய மனு மறுக்கப்படுவதுகூட இல்லை, மேசை மேசையாக அலையும்.

நகர் என்று பெயர் வைத்த மனைப்பிரிவுகளில் இன்னொரு சங்கதி. 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சையாக இருக்கும். பத்திரம் பதிவானதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இடம் ஊராட்சியின் பெயரில் இல்லாவிட்டால் அங்கே பூங்காவுக்கு ஒரு ரூபாய் ஒதுக்க முடியாது. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். செலவு சொற்பம், தெரியவரும் விஷயம் பெரிது.

அடுத்தது கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். நம் பக்கத்தில் மறந்துவிடுவது குறைவெண் வரம்பை. 3,001 முதல் 10,000 பேர் உள்ள ஊராட்சியில் 200 பேர் வர வேண்டும், அதற்கு மேல் என்றால் 300. மேடவாக்கம், பெரும்பாக்கம் அளவுள்ள ஊர்களில் சுதந்திர தினத்தன்று 300 பேரை உட்கார வைப்பது எளிதா? அதுவும் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்தான் சபை உறுப்பினர். அடுக்குமாடியில் பத்து வருடமாகக் குடியிருப்பார், ஓட்டு இன்னும் மேற்கு மாம்பலத்தில் இருக்கும். சாலை சரியில்லை என்று வாட்ஸ்அப்பில் கொதிப்பவர்களில் பலர் சட்டப்படி அந்தச் சபையில் பார்வையாளர்கள்தாம். நலச்சங்கம் இந்த ஆண்டு ஒரே ஒரு காரியம் செய்வதாக இருந்தால், ஓட்டை மாற்றும் முகாம் நடத்தட்டும்.

சபையில் பேசினால் போதாது. தீர்மானம் நோட்டில் ஏற வேண்டும், எண் வேண்டும், நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதே வேலை கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திலும் இடம்பெற்று இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஏறியதா என்று பாருங்கள். மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு தயாரிக்கும் வறுமை குறைப்புத் திட்டமும் இதில் சேர வேண்டியதே. நலச்சங்கங்கள் அந்தப் பெண்களோடு சேர்ந்து உட்காருவது அபூர்வம். சேர்ந்தால் 200 பேர் பிரச்சினையும் தீரும்.

பணத்தின் தலைப்பறிந்து கேளுங்கள். பதினைந்தாவது நிதிக்குழு ஊரக மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டிப்போட்டது. மழைநீர்ச் சேகரிப்பு அதற்குள் வந்தது, தார்ச்சாலை வரவில்லை. அந்தப் பணத்தில் சாலை கேட்டு அலைந்தவர்களைவிடக் குட்டை கேட்டவர்களுக்குச் சீக்கிரம் கிடைத்திருக்கும்.

ஊர் முதலில் கை நீட்டினால் அரசு பின்னால் வரும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். சிட்லபாக்கம் அன்று பேரூராட்சி. 2019 கோடையில் குடியிருப்போர் தாங்களே ஏரியில் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அதே ஆண்டில் ஏரிச் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் அறிவிப்பு வந்தது. குப்பை அள்ளியதால் மட்டும் வந்துவிடவில்லை. ஏரியின் எல்லை, ஆக்கிரமிப்பு, குப்பைமேடு பற்றி அவர்கள் விடாமல் எழுதி, கேட்டு, பதிவு சேர்த்து வைத்திருந்தார்கள்.

சிறிய வேலைகளுக்கு 'நமக்கு நாமே' நல்ல வழி. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். பாதியோ அதற்கு மேலோ கட்டினால் வேலையை நீங்களே எடுத்துச் செய்யவும் வழியுண்டு. தரம் பற்றிக் கவலைப்படுபவர்கள் இதை யோசிக்கலாம். பங்குத் தொகையை நிறுவனங்களிடமும் திரட்டலாம். ஓஎம்ஆர் முழுக்க நிறுவனங்கள் இருக்கையில் தெருவில் உண்டியல் குலுக்குவானேன்?

ஊராட்சியின் சொந்தக் கையிருப்பும் கவனிக்கப்படும். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. விலை 1.55 கோடி, 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். அந்தச் சேமிப்பு இல்லாமல் எந்த வங்கி கடன் கொடுத்திருக்கும்? கையிருப்பு சேர வரி வேண்டும். ஆகவே வீட்டுவரி விதிக்கப்படாத கட்டடங்களின் பட்டியலைச் சபையில் கேட்பது அநாகரிகம் இல்லை. முதலில் உங்கள் வீட்டுக்கு விதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கேளுங்கள்.

மாநகராட்சியோடு இணைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஊராட்சி வேலைகள் தளர்ந்துவிடும். "எப்படியும் கார்ப்பரேஷன் ஆயிடும்" என்பார்கள். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. அதே பாதையில் ஊராட்சிகள் போகும்போது ஊரக வேலைத் திட்டமும் கிராமசபையும் இல்லாமல் போகும். நகரத்தில் பகுதி சபை உண்டு, ஆனால் உங்கள் தெரு ஒரு வார்டின் ஓரம். ஆகவே இணைப்புக்கு முன்பே நிறைவேறாத தீர்மானங்கள், ஊராட்சிச் சொத்துகள், தானப் பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் எடுத்துவிடுங்கள். புதிய ஆணையருக்குப் பழைய ஊராட்சியின் அலமாரியில் என்ன இருந்தது என்று தெரிய நியாயமில்லை.

கடைசியாக, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பதினைந்தாவது நிதிக்குழு ஊரக மானியத்தை மாநிலங்களுக்குப் பிரித்தபோது 90 சதவீத எடை 2011 மக்கள்தொகைக்குத்தான். அதற்குப் பிறகு பெரும்பாக்கத்தில் மறுகுடியமர்வு அடுக்குகள் நிரம்பின, சித்தாலப்பாக்கமும் ஒட்டியம்பாக்கமும் வீடுகளால் நிறைந்தன. அப்படிக் குடிவந்தவர்கள் யாரும் இந்த ஊர்களின் அந்தக் கணக்கில் இல்லை. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. கணக்கெடுப்பாளர் வரும்போது சொந்த ஊர் முகவரியைச் சொல்லாமல், குடியிருக்கும் வீட்டில் எண்ணப்படுங்கள். பூட்டிய வீடு, மொட்டைமாடி அறை, வடமாநிலத் தொழிலாளர் தங்கும் தகரக் கொட்டகை எங்கெங்கே என்று தெரு வாரியாக ஒரு பட்டியல் போட்டு அவரிடம் கொடுத்தால், மறுக்காமல் வாங்கிக்கொள்வார்.