சாதுவன் சென்ற தீவு: உணவைப் பற்றிய ஒரு பாடம்

மணிமேகலையைத் தமிழர் பலர் இலக்கியமாகப் போற்றுவர். அதனைத் தம் சமய நூலாக ஏற்று, வாழ்க்கைக்கு வழிதேடிப் படிப்போர் சிலரே. அச்சிலருள் நாமும் சேர்ந்தவர்கள். ஆதலின் இத்திங்கள் பாடத்திற்கு அக்காப்பியத்தின் ஆதிரை பிச்சையிட்ட காதையை எடுத்துக்கொள்வோம். உண்ணும் சோற்றைக் குறித்துப் பௌத்தன் எவ்வாறு எண்ணுதல் வேண்டும் என்னும் வினா நம் சங்கத்துக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. அதற்கு அக்காதையில் விடை இருக்கின்றது.

கதை

புகார் நகரத்து வணிகன் சாதுவன். அவன் கற்புடைய மனைவியாகிய ஆதிரையைப் பிரிந்து, கணிகையிடத்தும் சூதாட்டத்திலும் கைப்பொருளை இழந்தான். பின்னர்ப் பொருள் தேடிக் கலம் ஏறினான். கலம் உடைந்தது. ஒடிந்த மரத்தைப் பற்றி மிதந்து, ஆடையின்றி வாழும் நாகர்களின் மலையைச் சார்ந்தான். களைத்து மரநிழலில் உறங்கியவனை, நமக்கு உணவு கிடைத்தது என்று நாகர் எழுப்பினர். அவர்தம் மொழியை அவன் அறிந்திருந்தமையால் உயிர் தப்பினான். அவர்கள் அவனைத் தம் தலைவனிடம் கொண்டுசென்றனர்.

தலைவன் இரக்கங்கொண்டு கள்ளும் ஊனும் பெண்ணும் அளிக்கச் சொன்னான். சாதுவன் மறுத்தான். இவையின்றி வாழ்வதில் என்ன பயன் என்று தலைவன் வியந்து கேட்க, சாதுவன் வினைப்பயனையும் மறுபிறப்பையும் எடுத்துரைத்தான். கேட்ட தலைவன், ஊனையும் கள்ளையும் அறவே விட்டு எம்மால் வாழ இயலாது, எமக்கு இயன்ற அறத்தைக் கூறுக என்றான். சாதுவன் இரண்டே சொன்னான். கலம் உடைந்து கரை சேர்வோரைக் கொல்லாது காத்தல் வேண்டும். மூத்துத் தானே இறந்த விலங்கின் ஊனையன்றி, எவ்வுயிருக்கும் தீங்கு செய்து உண்ணுதல் கூடாது. அது எம்மால் இயலும் என்று தலைவன் ஏற்றுக்கொண்டான்.

இந்நாகர் மலை எது? காப்பியம் அவர்களை நக்க சாரணர் என்கின்றது. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபார்த் தீவை மாநக்கவாரம் எனக் குறிக்கின்றது. இவ்விரண்டு பெயர்களையும் ஒப்பிட்டு, சாதுவன் சென்றது நிக்கோபாரே என அறிஞர் சிலர் கருதுவர். இது கருத்தளவில் நிற்பது. மனிதரை உண்போர் என்பது கடலுக்கப்பால் வாழ்வோரைப் பற்றி நிலத்தில் இருப்போர் புனைந்த அச்சமேயன்றி, நிக்கோபார் மக்களின் வரலாறு அன்று.

இயன்ற அறம்

இக்காதையில் நம்மைத் தடுத்து நிறுத்தும் இடம் ஒன்றுண்டு. தானே இறந்த விலங்கின் ஊன் என்னும் சொற்களை நம் முன்னோர் வேறு விதமாகக் கேட்டிருக்கின்றனர். செத்த மாட்டை உண்பவர் என்று சொல்லியே அவர்களைச் சேரிக்குத் தள்ளினர். பாபாசாகேப் அம்பேத்கர் 1948ஆம் ஆண்டு தீண்டப்படாதோரின் தோற்றம் பற்றி எழுதிய நூலில், பௌத்தர்களாக இருந்தோரும் மாட்டிறைச்சியை விடாதோருமே ஒதுக்கப்பட்டனர் என்று வாதிட்டார். அவரே 1927ஆம் ஆண்டு மகாடில் கூடிய மக்களிடம், தன்மானத்தின் பொருட்டுச் செத்த விலங்கின் ஊனை விட்டுவிடுமாறு கேட்டுக்கொண்டார்.

அங்ஙனமாயின் சாதுவன் நாகரை இழிவுக்கு உரியவராக்கினானா? இல்லை. ஒருவரை இன்னது உண்பவர் என்று சொல்லி ஒதுக்குவது சாதி. ஒருவர் நிற்கும் இடத்திலிருந்து ஓர் அடி துன்பத்தைக் குறைக்கச் சொல்வது தம்மம். சாதுவன் தன் இலையைக் காட்டி நாகரின் இலையைப் பழிக்கவில்லை. சூதில் அனைத்தையும் இழந்து வந்தவன் அவன். பிறரைப் பழிக்கும் தகுதி தனக்கு உண்டென்று அவன் எண்ணவும் இல்லை.

ததாகதரின் வழியும் இதுவே. சங்கத்தார் அனைவரும் மீனும் ஊனும் உண்ணாதிருக்க விதி செய்தல் வேண்டும் என்று தேவதத்தன் கேட்டபோது பகவர் இணங்கவில்லை. தமக்கெனக் கொல்லப்பட்டதைக் கண்டும் கேட்டும் ஐயுற்றும் அறிந்தால் அவ்வூனை ஏற்கலாகாது என்பதே அவர் வகுத்த எல்லை. தீய நாற்றம் ஊன் உண்பதிலன்று, கொலையிலும் களவிலும் பொய்யிலும் உள்ளது என்பது சுத்தநிபாதத்தின் ஆமகந்த சுத்தம் தரும் கருத்து. ஆதலின் நம்முள் மரக்கறி உண்போர் அதனை அருளின் பொருட்டு மேற்கொள்க. அதனால் அண்டை வீட்டாரினும் உயர்ந்தோம் என்னும் எண்ணம் தோன்றுமாயின், நாம் விட்டுவந்த சாதியே அடுக்களை வழியாகத் திரும்பி வந்துவிட்டது என்று அறிக.

தீவு நமக்குச் சொல்வது

சாதுவன் தீவுக்குப் பாடம் சொன்னான். இன்று அத்தீவுகள் நமக்குப் பாடம் சொல்கின்றன.

நிக்கோபார் மக்களின் பழைய உணவு தேங்காய், தாழையினத்து மரம் ஒன்றின் பெரிய பழம், மீன், விருந்துநாட்களில் பன்றி ஆகியன. அப்பழத்தை வேகவைத்து, நாரினின்றும் சதையைச் சுரண்டி எடுத்து, மாவாகப் பிசைந்து உண்பர். கார் நிக்கோபாரில் நிலமும் தென்னையும் தனி ஒருவர்க்கு உரியனவல்ல. துகேத் எனப்படும் பெருங்குடும்பத்திற்கு உரியன. ஒருவருக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் குடும்பத்தார் கூடி நோக்குவதால், எவரும் பசித்திருக்க நேர்வதில்லை. எவரும் மிகுதியாக வாரிக்கொள்ளவும் இடமில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. ஊர்கள் அழிந்தன. கரையோரத் தென்னந்தோப்புகள் மடிந்தன. நிலமே தாழ்ந்து பல இடங்கள் கடலுள் அமிழ்ந்தன. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழியே இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த தமிழரும் அவ்வழிவிற் பங்குபெற்றனர். சாதுவனைப் போலவே வேரற்று அக்கரை சேர்ந்தவர்கள் அவர்கள்.

பின்னர் அரிசியும் பணமும் வேறு பண்டங்களும் வந்து குவிந்தன. பசித்தவருக்கு அவை வேண்டியனவே. கொடுத்தோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் இழப்பீடு பெருங்குடும்பத்திற்கு என்றில்லாமல் தனித்தனிக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டமையால் துகேத் தளர்ந்தது என்பதை அங்குச் சென்று ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர். புதிதாக நட்ட தென்னை காய்க்க ஆண்டுகள் பல ஆகும். அதற்குள் வெளியிலிருந்து வரும் பொட்டலத்தை எதிர்பார்க்கும் வழக்கம் வேரூன்றிவிடும். தீவு இழந்தது மரத்தை மட்டுமன்று. கூடிப் பகிர்ந்து அளவறிந்து உண்ணும் முறையையும் இழக்கத் தொடங்கியது.

அந்தமானில் மற்றொரு காட்சி உண்டு. அங்குள்ள குகைகளில் உழவாரன் குருவி இனம் ஒன்று தன் உமிழ்நீராலேயே வெண்கூடு கட்டுகின்றது. சீனர் அக்கூட்டைச் சாறாகக் காய்ச்சி அருந்துவர். விலை மிகுதியால், முட்டையும் குஞ்சும் இருக்கும்போதே கூடுகள் பறிக்கப்பட்டன, குருவிகள் அருகின. கோவையிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் என்னும் அறிஞரின் முயற்சியால், வனத்துறையுடன் கூடி 1999 அளவில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தில் முன்பு கூடு பறித்தோரே காவலராயினர்; குஞ்சுகள் பறந்து செல்லும் வரை கூடுகளைக் காத்தனர். நாகர் தலைவன் ஏற்ற இயன்ற அறத்திற்கு நம் காலத்துச் சான்று இது.

யூதர் வீட்டு விருந்து

இவற்றை நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது? இதற்கு யூதர்களிடம் ஒரு முறையைக் கற்றுக்கொள்ளலாம். அவர்களும் நாடு நாடாகத் துரத்தப்பட்டு, பிறரால் ஒதுக்கப்பட்டு வாழ்ந்தவர்கள். நமக்கு அண்மையிலுள்ள கொச்சியிலும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர்.

அவர்களுடைய மறைநூலில் உணவைப் பற்றிய சட்டங்கள் பல உண்டு. வயலை அறுக்கும்போது அதன் ஓரங்களை ஏழைகளுக்கும் அயலார்க்கும் விட்டுவிடுதல் வேண்டும். சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கலாகாது. ஏழாம் ஆண்டு நிலத்திற்கு ஓய்வு. பறவைக் கூட்டைக் கண்டால், தாயைக் குஞ்சுகளோடு சேர்த்துப் பிடிக்காமல் தாயைப் போகவிடுதல் வேண்டும். அந்தமான் குகையை நினைவிற்கொண்டால் இதன் பொருத்தம் விளங்கும். போரில் நகரத்தை முற்றுகையிடும் காலத்தும் கனிதரும் மரத்தை வெட்டலாகாது. இக்கட்டளையை அவர்தம் ஆசிரியர்கள் விரித்து, பயன்படும் எதனையும் வீணாக்கலாகாது என்னும் பொதுவிதியாக்கினர்.

நம் மரபிலும் இதற்கு ஒப்புண்டு. ஆனந்த தேரர் நிறைய ஆடைகளைத் தானமாகப் பெற்றதை அறிந்து, இத்தனையும் எதற்கு என்று உதேன மன்னன் வினவினான். கிழிந்த ஆடை அணிந்த பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் தேரர். பழைய ஆடைகள்? விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தையுறையாகும், பின் தரைவிரிப்பாகும், பின் கால்துடைக்கும் துணியாகும், பின் தூசு தட்டும் துணியாகும், இறுதியில் கிழித்து மண்ணோடு குழைத்துத் தரை மெழுகப்படும். மன்னன் மகிழ்ந்தான்.

கருத்து இரு மரபிலும் உண்டு. யூதர்களிடம் நாம் கற்கவேண்டியது கற்பிக்கும் இடத்தை. பாஸ்கா விருந்தில் வீட்டின் இளையபிள்ளை, இந்த இரவு ஏன் மற்ற இரவுகளினும் வேறுபட்டது என்று கேட்கும். பெரியோர் தம் முன்னோர் அடிமைகளாயிருந்து விடுபட்ட வரலாற்றை உணவைக் காட்டியே சொல்வர். பள்ளியும் கோயிலும் அழிந்த காலத்தும் அவர்களுடைய பாடம் அழியாதிருந்ததற்கு, அது வீட்டு உணவோடு கலந்திருந்தமையும் ஒரு காரணம்.

நம் இல்லங்களில்

பௌர்ணமி நாட்களில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதிய பின் நாம் கூடி உண்கின்றோம். உண்டு எழுந்த பின் இலைகளில் எஞ்சிக் கிடந்த சோற்றை நாமே கண்டிருக்கின்றோம், கண்டும் வாளாவிருந்திருக்கின்றோம். இனி அவ்விருந்தில் இளையபிள்ளை ஒன்று எழுந்து மூன்று கேள்விகள் கேட்கட்டும்.

முதலாவது: இவ்வுணவு எவர் உழைப்பால், எவ்வுயிரின் துன்பத்தால் வந்தது? விளைத்தவரையும், அறுத்தவரையும், மீன் பிடித்தவரையும் பெரியோர் சொல்லட்டும். நம் முன்னோர் பிறர் வயலில் உழைத்துப் பசியோடு உறங்கியதையும் மறையாது சொல்லட்டும்.

இரண்டாவது: எனக்கு வேண்டிய அளவு எவ்வளவு? பிக்குகள் உண்ணுமுன், விளையாட்டிற்கோ செருக்கிற்கோ அழகிற்கோ அன்றி, உடல் நிலைத்து அறம் செய்வதற்கே உண்கின்றோம் என்று சிந்திப்பர். உபாசகரும் அங்ஙனமே சிந்தித்துக் கொள்ளும் அளவைக் கொள்க.

மூன்றாவது: வயலின் ஓரத்தை யாருக்கு விட்டோம்? நமக்கு வயல் இல்லாதிருக்கலாம், பானை உண்டு. அதில் ஒரு பங்கு பிறர்க்கென முன்னரே எடுத்துவைக்கப்படுக. எஞ்சியதைக் கொடுப்பது ஈகையாகாது.

காப்பியத்தில் காயசண்டிகை என்பாள் யானைத்தீ என்னும் பசிநோயால் எத்துணை உண்டும் நிறைவின்றி வருந்தினாள். அமுதசுரபியினின்றும் வந்த ஒரு பிடி அன்னம் அந்நோயைத் தீர்த்தது. அதே அமுதசுரபியில் முதற்பிச்சை இடுவதற்குத் தக்கவளாகக் காப்பியம் எவரைக் காட்டுகின்றது? கணவன் கடலில் மாண்டான் எனக் கேட்டுத் தீயில் இறங்கியும் வேகாதிருந்து, அவன் மீண்டு வரும்வரை காத்திருந்த ஆதிரையை. மணிமேகலை அவள் வாயிலில் வந்து நின்றாள். ஆதிரை பாத்திரம் நிறையச் சோறிட்டாள். ஊரின் பசி தீரத் தொடங்கியது.

வரும் பௌர்ணமியில் நம் வீட்டுப் பிள்ளை கேள்வி கேட்கட்டும். விடை சொல்ல நாம் ஆயத்தமாயிருப்போமாக.